பற்றும் ஊழியமும்: கோணேசர் கல்வெட்டின் நிலவுரிமைச் சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலையின் இலக்கிய வரலாற்றை எழுதுவோர் எவரும் கோணேசர் கல்வெட்டைக் குறிப்பிடாது செல்வதில்லை. ஆயின் அந்நூலிடம் இதுவரை கேட்கப்பட்ட வினாக்கள் பெரும்பாலும் ஒரே வகையின. குளக்கோட்டன் எக்காலத்தவன்? அவன் எக்குலத்தவன்? நூலாசிரியராகிய கவிராச வரோதயன் எந்நூற்றாண்டில் வாழ்ந்தவர்? இப்பிரதேசத்தில் யார் முந்தியவர் என்பதற்கு நூல் என்ன சான்று தருகிறது? இவ்வினாக்கள் பயனற்றவை என்பது எமது கருத்தன்று. எனினும் இவை யாவும் அரசனையும் ஆதியையும் நோக்கியவை என்பது மனங்கொள்ளத்தக்கது. நூலோ தன் பரப்பின் பெரும்பகுதியை வேறொன்றுக்குச் செலவிடுகின்றது. யார் எப்பணியைச் செய்தல் வேண்டும், அப்பணியை யார் மேற்பார்வை செய்வர், வழக்கு எழுந்தால் யார் விசாரிப்பர், நிலத்தின் விளைவில் கோயிலுக்குரியது எது, பணி செய்வோருக்குரியது எது என்பனவே அதன் உள்ளீடு. நிலத்தை இன்னின்ன நிபந்தனையின்பேரில் வைத்திருக்கும் ஒரு முறைமையின் நூலாக அதனைப் படித்தால் நாம் எதைக் காண்போம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

‘ரெனியூர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எமது அகராதிகளும் கலைச்சொற்றொகுதிகளும் நிலவுரிமை முறை, காணி ஆட்சி, உரித்துக்காலம், பதவிக்காலம் எனப் பல தமிழ்களைத் தருகின்றன. பல்கலைக்கழகத்தாருக்கு அது நிரந்தர நியமனத்தையும் குறிக்கும். (இப்பொருளில் அச்சொல் உச்சரிக்கப்படும்போது இளம் விரிவுரையாளர் முகங்களில் தோன்றும் பயபக்தி தனி ஆய்வுக்குரியது.) இத்துணைப் பொருள்களும் ‘தெனேரே’ என்னும் இலத்தீன் வினையடியினின்று கிளைத்தவை. பிடித்தல், பற்றியிருத்தல் என்பது அதன் பொருள். பிரெஞ்சு மொழி வழியாக, நோர்மானியர் 1066 இல் இங்கிலாந்தைக் கைப்பற்றியதன் பின்னர், அந்நாட்டுச் சட்டமொழியில் இச்சொற்குடும்பம் நிலைபெற்றது. அச்சட்டத்தின் அடிப்படை எளியது. நிலம் முழுவதும் மன்னனுக்கு உரியது. ஏனையோர் யாவரும் அதனை மேலொருவரிடமிருந்து பற்றியிருப்பவர்களே. பற்றியிருப்பதற்கு விலை சேவையாகும். ஒருவன் போர்ச்சேவை செய்தான், ஒருவன் உழவுச்சேவை செய்தான், மற்றொருவன் இறந்தோர் ஆன்மாவுக்காக மன்றாடினான். நிலத்தைப் பற்றியிருந்தவன் அந்நிலத்தின் வழியாகவே மேலிருந்தவனால் பற்றப்பட்டிருந்தான். ஓர் உறவின் இருமுனைகளையும் ஒருங்கே சுட்டியதே அச்சொல்லின் தொடக்ககால வலிமை.

1660 இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் போர்ச்சேவை வழிப்பட்ட பற்றுரிமையை ஒழித்தது. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்றொகுதியில், ஆதித் திரட்டல் பற்றிய பகுதியில் இதனைக் கவனிக்கிறார். நிலப்பிரபுக்கள் அரசுக்குத் தாம் செய்யவேண்டியிருந்த கடப்பாடுகளைக் களைந்து, அதற்கு ஈடாக மக்கள்மேல் வரியைச் சுமத்தி, சேவைக்கெனப் பெற்ற நிலத்தைத் தமது தனிச்சொத்தாக ஆக்கிக்கொண்டனர் என்பது அவர் தரும் விளக்கம். ஒரு சொல் மாறாதிருக்க, அதனுள் இருந்த கடப்பாடு ஒரு வர்க்கத்துக்கு மட்டும் நீங்கிவிடலாம் என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. திருகோணமலைக்கு வரும்போது இதனை நினைவில் வைத்திருத்தல் நன்று.

2

பிடித்தல் என்னும் வினையடியினின்று நிலவுரிமைக்குச் சொல் ஆக்கிக்கொண்டது மேனாட்டுச் சட்டமொழி மட்டுமன்று. தமிழில் அதற்கு நேரான சொல் நெடுங்காலமாக உண்டு. அது ‘பற்று’ ஆகும். பிரித்தானியர் காலத்தில் திருகோணமலை மாவட்டம் பட்டினமும் சூழலும் என ஒரு பிரிவாகவும், கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று என மூன்று பற்றுகளாகவும் வகுக்கப்பட்டிருந்தது. மட்டக்களப்பில் மண்முனைப்பற்று, கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று என்பன இன்றும் நிருவாகப் பெயர்களாக வழங்குகின்றன. திருகோணமலையில் அவை அரசாங்கப் பெயர்ப்பட்டியலினின்று மறைந்துவிட்டன. ஈச்சிலம்பற்று போன்ற ஊர்ப்பெயர்களிலும் முதியோர் பேச்சிலுமே எஞ்சியுள்ளன. பேச்சுவழக்கில் ‘பத்து’ என ஒலிக்கும் இச்சொல்லைச் சிங்களத்தின் ‘பத்துவ’ என்னும் நிருவாகச் சொல்லுடன் ஒப்பிட்டு நோக்கலாம்.

தமிழ்நாட்டுச் சாசனங்களில் சீவிதப்பற்று, படைப்பற்று முதலிய வழக்குகள் காணப்படுகின்றன. சீவனத்துக்காக ஒருவன் பற்றியது முன்னையது. படையினர் தம் சேவைக்காகப் பற்றியது பின்னையது. இவற்றோடு சேர்த்துக் கருதவேண்டிய சொற்கள் வேறும் உள. காராண்மை என்பது உழும் உரிமை. மீயாட்சி என்பது அதற்கு மேலிருந்த உரிமை. ஒரே நிலத்தின்மேல் இரண்டு உரிமைகள் அடுக்காக இருந்தன என்பதை இச்சொற்களே சொல்லிவிடுகின்றன. கோயிலுக்கு நிலம் விடப்பட்டபோது பழைய உழுகுடிகள் அகற்றப்பட்டனரா, நிலத்தோடு விடப்பட்டனரா என்பதைக் ‘குடிநீக்கி’, ‘குடிநீங்கா’ என்னும் அடைகள் தெரிவித்தன. எட்டு எழுத்துக்குள் அடங்கும் இவ்வேறுபாட்டினுள் ஓர் ஊரின் வாழ்வும் சாவும் இருந்தது. சோழர் சாசனங்களின் ‘கடமை’ நிலவரியைக் குறித்த சொல் என்பதும், ‘குடிமை’ உழைப்பையும் உள்ளடக்கிய கடப்பாடுகளைக் குறித்தது என்பதும் நொபொரு கராசிமா முதலியோரின் ஆய்வுகளால் தெளிவாகியுள்ளன. இன்று நாம் மாணவர்க்குக் கடமையுணர்வு பற்றிப் போதிக்கும்போது வரிமொழியிலேயே பேசுகிறோம்.

வரி அறமாக மாறியது போலவே பற்றும் அன்பாக மாறியது. திருக்குறளின் துறவு அதிகாரத்தில் பற்று என்பது விடப்படவேண்டிய உலகியற் பிணைப்பு. பக்தி மரபில் அதுவே இறைவன்பால் கொள்ளவேண்டிய பிணைப்பாகிறது. இவ்விரண்டு பொருள்களும் நிலத்தைக் குறிக்கும் மூன்றாம் பொருளும் ஒரே வினையினின்று தோன்றியவை. எது முந்தியது என்று வாதிடுவதில் எமக்கு ஆர்வமில்லை. ஒருவன் கோயில் நிலத்தைப் பற்றியிருப்பதும், அதன் பொருட்டுக் கோயிலுக்கு உழைப்பதும், அவ்வுழைப்பை இறைப்பற்றாக உணர்வதும் ஒரே சொல்லுக்குள் வேறுபாடின்றி அமையக்கூடிய ஒரு சமூகம் இருந்தது என்பதே இங்கு முக்கியம். கருத்துநிலை என்று நாம் அடிக்கடி கூறுவது அந்தரத்தில் தோன்றுவதன்று. அது இவ்வாறு சொற்களின் மடிப்புகளுக்குள் தங்கியிருப்பது.

இவ்விடத்தில் எம்மவர் மீதும் ஒரு குறை கூறவேண்டியுள்ளது. முற்போக்கு ஆய்வாளராகிய நாம் ஐரோப்பியப் பியூடலிசத்தை ‘நிலமானியம்’ என்று மொழிபெயர்த்துக் கொண்டோம். மானியம் என்னும் சொல் மதிப்பு, கௌரவம் என்னும் பொருளுடைய வடமொழி அடியிற் பிறந்தது. வரிநீக்கிக் கொடுக்கப்பட்ட நிலத்தை அது குறிக்கும். பெற்றவனின் பெருமையைச் சொல்லும். உழைத்தவனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அச்சொல்லை எடுத்தாண்டபோது கொடுப்போனின் மொழியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். பின்னர் ஒரு நூலை ‘நிலமானிய சமுதாயத்தின் வெளிப்பாடு’ என்று ஒருவரியில் முத்திரையிட்டு நகர்வது வழக்கமாயிற்று. கோணேசர் கல்வெட்டுக்கும் அதுவே நேர்ந்தது.

3

கோணேசர் கல்வெட்டு கல்லில் வெட்டப்பட்டதன்று. பாட்டும் உரைநடையும் விரவி ஏட்டில் எழுதப்பட்ட நூல் அது. கல்வெட்டு என்னும் பெயரைச் சிலர் ஆசிரியரின் மிகைக்கூற்றாகவும், சிலர் உண்மையான சாசனமொன்றின் படியாகவும் கொள்வர். கிழக்கிலங்கை மரபை நோக்குவோர்க்கு மூன்றாவது விளக்கம் தோன்றும். மட்டக்களப்புப் பகுதியில் பரவணிக் கல்வெட்டு, குலக் கல்வெட்டு என ஏட்டு நூல்கள் வழங்கின. பரவணி என்றால் வழிவழி வருவது. யார் எக்குடியைச் சேர்ந்தவர், கோயிலில் அவருக்குரிய முறை யாது, ஊழியம் யாது, முதன்மை யாது என்பவற்றைப் பதிவுசெய்வதே இவற்றின் வேலை. ஆக, கல்வெட்டு என்பது கிழக்கில் ஓர் இலக்கிய வகையாகும். உரிமையையும் கடப்பாட்டையும் மாறாதவையாக நிறுத்துவது அதன் நோக்கம். ஏடு தன்னைக் கல் என்று அழைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே எனலாம்.

நூலின் கட்டுமானம் இதனை உறுதிப்படுத்துகின்றது. குளக்கோட்டன் கோயிலையும் கோபுரத்தையும் குளத்தையும் அமைக்கிறான். அதன் பின்னரே நூலின் உண்மையான வேலை தொடங்குகின்றது. மருங்கூர், காரை முதலிய இடங்களிலிருந்து குடிகள் அழைத்துவரப்படுகின்றனர். தானத்தார், வரிப்பத்தார் என அவர்கள் வகுக்கப்படுகின்றனர். மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் வருவிக்கப்பட்டு, வழக்குத் தீர்க்கும் வன்னிபமாக நியமிக்கப்படுகிறான். பின்னர் பணிகள் விதிக்கப்படுகின்றன. பிற்பகுதியில் கயவாகு மன்னன் வந்து கொடைகளைப் பெருக்கியமை கூறப்படுகின்றது. தானத்தார் கணக்கையும் மேற்பார்வையையும் கொண்டவர்; வரிப்பத்தார் தொழும்பு செய்பவர். ‘வரிப்பத்து’ என்பதன் பின்னுறுப்பு ‘பற்று’ என்பதன் பேச்சுவடிவம் என்று கொள்ள இடமுண்டு என்பது எமது ஊகம். இப்பிரதேசத்தில் பற்று எப்போதும் பத்தென ஒலிப்பது இதற்குத் துணை செய்யும். அவ்வாறாயின் வரிப்பத்தார் என்போர் கடப்பாட்டோடு நிலம் பற்றியவர் எனப் பொருள்படுவர்.

இங்கு இலக்கியத் திறனாய்வாளன் கவனிக்கவேண்டியது நூலின் நடை. கோயிலும் இறைவனும் அரசனும் பேசப்படுமிடங்களில் மொழி விரிந்து அணிபெறுகின்றது. பணிகள் கூறப்படுமிடங்களில் அது சுருங்கி, எண்ணுப்பெயர்களும் பண்டப்பெயர்களும் ஏவல்களுமாக ஆகின்றது. நெல், எண்ணெய், பூ, பாக்கு, வெற்றிலை ஆகியவை அளவோடு வருகின்றன. புராண வாசகர்க்கு இப்பகுதி அலுப்பூட்டும். இலக்கிய நயம் பேசுவோர் இதனைத் தாண்டிச் செல்வர். எமக்கோ நூலின் உயிர் இங்கேதான் உள்ளது. தக்ஷிண கைலாச புராணமோ திரிகோணாசல புராணமோ செய்யத் துணியாத ஒன்றை இந்நூல் செய்கின்றது. இறைவனின் திருவிழாவுக்குப் பின்னால் எத்தனை கைகள் உள்ளன என்பதை அது கணக்கிடுகின்றது. கணக்கிடுவது அக்கைகளைக் கட்டுவதற்காகவே என்றாலும், கட்டவேண்டியிருந்ததால் பெயர் சொல்ல வேண்டியதாயிற்று.

பெயர் சொல்லாத இடமும் ஒன்று உண்டு. கந்தளாய்க் குளத்தின் அணையைக் குளக்கோட்டனுக்காகப் பூதங்கள் கட்டின என்பது திருகோணமலையில் இன்றும் வழங்கும் வாய்மொழி மரபு. சூளவம்சம் இக்குளத்தை, கங்காதலாவ என்னும் பெயரில், 7 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதியோடு தொடர்புபடுத்தும். எது சரி என்று இரு இனத்துப் படித்தோரும் நெடுங்காலம் வாதிட்டு வந்துள்ளனர். இரு மரபுகளும் ஒரு விடயத்தில் முழு உடன்பாடு கொண்டவை என்பதை அவ்வாதத்தில் எவரும் கண்டுகொள்ளவில்லை. மண் சுமந்தவர் இரண்டிலும் இல்லை. ஒன்றில் அரசன் கட்டினான். மற்றதில் பூதம் கட்டிற்று. பெருந்திரளான கட்டாய உழைப்பைக் கண்ட மக்களின் நினைவு அதனைப் பூதவடிவில் பாதுகாத்திருக்கலாம் என்று கொள்வோமாயின், வாய்மொழி மரபே ஏட்டை விட உண்மைக்கு அண்மையில் நிற்கின்றது.

கோணேசர் கல்வெட்டின் உலகம் வெறுங்கற்பனையன்று என்பதற்குக் கற்சாசனங்களே சான்று. நிலாவெளியிற் கண்டெடுக்கப்பட்டு செ. குணசிங்கம் அவர்களால் ஆராயப்பட்ட சோழர்காலச் சாசனம், கோணபருவதத்து மச்சகேஸ்வரத்து மகாதேவர்க்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைத் தெரிவிக்கின்றது. கங்குவேலிச் சாசனத்தில் மலையில் வன்னியனாரும் ஏழூர் அடப்பர்களும் கூடிக் கோணைநாயகருக்குக் குளத்தையும் வயலையும் சார்ந்த வருவாயை விடுகின்றனர். பெரியகுளத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்னும் பௌத்த விகாரைக்குத் தமிழிலேயே தானங்கள் பொறிக்கப்பட்டன. தானம் பெற்ற சமயம் எதுவாயினும் தானத்தின் இலக்கணம் ஒன்றே. அது கொடுப்போனையும் பெறும் தெய்வத்தையும் எழுதும். நிலத்தை எல்லையிட்டு எழுதும். அந்நிலத்தில் ஏற்கெனவே இருந்தவரைப் பெரும்பாலும் எழுதாது. ‘சந்திராதித்தவரை’ என்று காலத்தை வரையறுக்கும். பற்றுரிமையின் காலம் சூரியசந்திரர் உள்ளவரை என்பதாம்.

இம்முறைமையை அடிமைத்தனம் என்று மட்டும் கூறி முடிப்பது எமது கருத்தன்று. பணி தவறாதவரை நிலம் தவறாது என்பது அதன் மறுபக்கம். தானத்தார் வரிப்பத்தாரை அதட்டலாம். எளிதில் அகற்ற முடியாது. அகற்றினால் பூசைக்கு நெல்லில்லை. சேவைக் கடப்பாடு ஒடுக்குமுறையாக இருந்த அதேவேளை உழுகுடியின் பாதுகாப்பாகவும் இருந்தது என்னும் இம்முரண்பாட்டைக் காணாதவர்க்கு, அது பிற்காலத்தில் நீக்கப்பட்டபோது நேர்ந்ததும் விளங்காது.

4

1624 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினான். இதனை நாம் வழக்கமாகச் சமய இழப்பாகவே பேசுகிறோம். நிலவுரிமை நோக்கில் கேட்கவேண்டிய வினா வேறு. எந்தக் கோயிலின் பணிக்காக நிலம் பற்றப்பட்டதோ அக்கோயில் இல்லாதபோது பற்று என்னவாகும்? மக்கள் தந்த விடை தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலாகும். தெய்வம் வயல்வெளிக்கு இடம்பெயர்ந்தது. தொழும்பு முறைகளும் அங்கே தொடர்ந்தன. பக்தி மட்டும் இதனைச் செய்வித்தது என்று நாம் எண்ணவில்லை. கோயில் உள்ளவரையே குடிகளின் நிலவுரிமைக்குக் காரணம் உண்டு என்பதைத் தம்பலகாமத்து வேளாண்மைக்காரர் எங்களைவிட நன்கு அறிந்திருப்பர்.

அக்காலத்திய நிலவுறவு பற்றிய தெளிவான கூற்றொன்று கொட்டியாரக் குடாவிற் பிடிபட்ட ஓர் ஆங்கிலேயரிடமிருந்து கிடைக்கின்றது. 1660 இல் அங்குச் சிறைப்பட்டுக் கண்டி அரசில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தம் நூலில், நாடு முழுவதும் அரசனுடையதாயிருப்பதையும், அவன் நிலத்தைப் பணத்துக்கன்றிச் சேவைக்கே கொடுத்திருப்பதையும் விவரிக்கிறார். அவர் சொந்த நாட்டு நாடாளுமன்றம் அத்தகைய சேவையின் எச்சங்களைச் சட்டத்தால் அகற்றியது அவர் சிறைப்பட்ட அதே ஆண்டிலேயாகும். வரலாறு சிலவேளைகளில் மிகையான நாடகாசிரியன் போல் நடந்துகொள்கின்றது.

ஒல்லாந்தர் ஊழியத்தை ஒழிக்கவில்லை, தோம்பில் எழுதிக்கொண்டனர். ‘ஊழியம்’ என்னும் தமிழ்ச்சொல் அவர்தம் ஆவணங்களில் அவ்வாறே இடம்பெறுமளவுக்கு அது அவர்களுக்குப் பயன்பட்டது. 1795 இல் திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1832 இல் இராசகாரிய முறையை நீக்கினர். பாடநூல்கள் இதனை விடுதலையாகக் கொண்டாடும். ஊழியத்தின் நுகம் நீங்கியது உண்மை. ஆனால் எட்டு ஆண்டுகளின் பின், 1840 இல், முடிக்குரிய காணிகளில் அத்துமீறல் பற்றிய கட்டளைச்சட்டம் வந்தது. காடும் தரிசும் வெறுங்காணியும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று அது அனுமானித்தது. நிரூபிக்கும் பொறுப்பு உழுபவன்மேல் விழுந்தது. சேவை செய்து நிலத்தைப் பற்றியிருந்தவனுக்குச் சேவையே சான்றாக இருந்தது. சேவை நீங்கியதும் சான்றும் நீங்கியது. இனி அவனுக்கு வேண்டியது உறுதி. எமது வழக்கில் நிலப்பத்திரத்துக்கு உறுதி என்பது பெயர். காகிதம் இல்லாதவன் பிடி உறுதியற்றது என்னும் தீர்ப்பு அப்பெயரிலேயே எழுதப்பட்டுவிட்டது. மழையை நம்பிச் சேனை வெட்டி, இரண்டொரு போகம் கண்டு, காட்டை மீண்டும் காடாக விட்டுச் சென்றவர்களுக்கு இச்சட்டம் எவ்வாறு பட்டிருக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை.

இலங்கை நிலத்தில் ஏறத்தாழ 80 வீதம் அரச காணி என்று இன்று கணக்கிடப்படுவதன் வேர் இங்கேயே உள்ளது. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் அக்காணியை அனுமதிப்பத்திரம் மூலம் விவசாயிக்கு வழங்கியது. பெற்றவன் விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ துண்டாடவோ முடியாது, பயிரிடல் வேண்டும், நிபந்தனை தவறினால் பத்திரம் இரத்தாகும். கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்களில் வழங்கப்பட்டது இத்தகைய உரிமையே. இதனை வாசிக்கும்போது குளக்கோட்டன் மீண்டும் வந்துவிட்டான் என்று தோன்றுவது தவிர்க்க முடியாதது. குளத்தைத் திருத்தி, தூரத்திலிருந்து குடிகளைக் கொணர்ந்து, நிபந்தனையோடு நிலம் கொடுத்து, மேற்பார்வைக்கு அலுவலரை நியமிப்பது அப்படியே உள்ளது. கோயிலின் இடத்தில் அரசு நிற்கின்றது. எக்குடிகள் கொணரப்பட்டனர் என்பதே எமது அரசியலின் முழுக் கவனத்தையும் பெற்றது. இனவிகிதாசாரத்தை மாற்றும் நோக்கு அத்திட்டங்களில் இருந்தது என்பதை மறுப்பவர் வரலாற்றை மறுப்பவராவர். எனினும், குடியேற்றப்பட்ட சிங்கள விவசாயியும் தன் நிலத்துக்கு உரிமையாளனாக ஆக்கப்படவில்லை என்பதை நாமும் போதியளவு கூறவில்லை.

அனுமதிப்பத்திரத்தின் வாரிசு முறை தனித்துக் கூறத்தக்கது. பத்திரகாரர் வாரிசைப் பெயரிடாது இறந்தால், சட்டத்தின் அட்டவணை ஆண்மக்களை முன்னிறுத்தியது. கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பவர்கள். மருமகன் மகளின் வீட்டுக்கு வருவான். பல தலைமுறையாகப் பெண்வழி சென்ற பிடி, அரச காணியில் ஆண்வழிக்குத் திருப்பப்பட்டது. 2022 இன் திருத்தமே பால் வேறுபாட்டை நீக்கியது. இடைப்பட்ட 87 ஆண்டுகளில் எத்தனை பெண்கள் தாம் பிறந்த வளவில் சகோதரனின் தயவில் இருந்தனர் என்பதற்கு எந்தக் கல்வெட்டும் இல்லை.

5

துறைமுகத்துக்கு வருவோம். இங்கு ஆளும் சொல் குத்தகை. பிரித்தானியக் கடற்படை 1957 இல் வெளியேறியபோது, சீனக்குடாவை அண்டி எழுப்பப்பட்டிருந்த எண்ணெய்த் தாங்கிகளை விட்டுச்சென்றது. அவற்றில் இன்று 99 பேசப்படுகின்றன. 1987 இன் இலங்கை இந்திய உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் அவற்றை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைப்பது இடம்பெற்றது. 2003 இல் லங்கா ஐஓசி நிறுவனம் குத்தகை பெற்றது. 2022 சனவரியில் புதிய ஏற்பாடு வந்தது: 14 தாங்கிகள் அந்நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. காலம் 50 ஆண்டுகள். சூரியசந்திரர் இப்போது தேவையில்லை. ஒப்பந்தத் திகதி போதும். நிலவுரிமையின் காலம் சுருங்கிற்று என்று இதனை எவரும் வருந்தமாட்டார். ஆயின் குத்தகைக்கும் பழைய பற்றுக்கும் உள்ள வேறுபாடு காலத்தில் மட்டும் இல்லை. பற்றியவன் மேலிருப்பவனுக்கு மட்டுமன்றி, அந்நிலத்தைச் சூழ்ந்திருந்த ஊருக்கும் திருவிழாவுக்கும் கடப்பட்டவன். குத்தகைக்காரன் தொகைக்கு மட்டும் கடப்பட்டவன்.

குடாவின் மறுகரையில் சம்பூர். 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த அவ்வூரவரின் நிலம் 2007 இல் அதியுயர் பாதுகாப்பு வலயத்துள் அடக்கப்பட்டது. பின்னர் அதில் 818 ஏக்கர் கைத்தொழில் முதலீட்டுக்கு ஒதுக்கப்பட்டு, 2015 இல் அந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டதன் பின்னரே மக்கள் திரும்பத் தொடங்கினர். போர்க்காலத்தில் காணியை ஆட்சிசெய்ய முடியாதவர்களின் நிலை பொதுவாகவே சிக்கலானது. தனியார் காணியில் பத்தாண்டுத் தடையற்ற ஆட்சி உரிமையாகும் என்பது 1871 முதல் இந்நாட்டுச் சட்டம். ஓடியவன் காணியில் இருந்தவனுக்கு அச்சட்டம் துணைநிற்கும் அபாயம் இருந்தது. 2016 இன் சிறப்பேற்பாடுகள் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையுள்ள காலத்தை, பாதிக்கப்பட்டோருக்கு எதிராக எண்ணாதிருக்க வழிசெய்தது. ஆட்சி என்னும் சொல் சோழர் சாசனத்து மீயாட்சியிலிருந்து இச்சட்டம்வரை பயணம் செய்திருக்கின்றது. எல்லாக் காலத்திலும் நிலத்தில் இருப்பவனுக்கும் நிலத்தின் மேலிருப்பவனுக்கும் இடையிலான வழக்கே அதன் உள்ளடக்கம்.

இந்நிலையில், கோணேசர் கல்வெட்டைத் தமிழரின் காணி உறுதியாக நீதிமன்றத்துக்கு எடுத்துச்செல்வது போன்ற ஒரு வாசிப்பு எம்மிடையே வலுப்பெற்று வருகின்றது. இதற்குக் காரணம் உண்டு. 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில், நியமிக்கப்பட்ட வேளையில், தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை. கல்லைக் காட்டி நிலம் கேட்கும் அரசின் முன், ஏட்டைக் காட்டி நிலம் கேட்பது இயல்பான எதிர்வினையே. அதன் நியாயத்தை நாம் ஏற்கிறோம். ஆனால் ஏடு சொல்வது அதுவன்று. நிலம் வரிப்பத்தாருடையது என்று கோணேசர் கல்வெட்டு ஓரிடத்திலேனும் கூறுவதில்லை. நிலம் கோணேசருடையது, வரிப்பத்தார் உழைப்பு அந்நிலத்தினுடையது. இதனைத் தமிழர் அனைவரின் உரிமைப்பத்திரமாக வாசிப்பவர் தானத்தாரின் இடத்தில் நின்று வாசிக்கிறார்.

நூலில் இடம்பெறாதோரையும் நினைத்தல் வேண்டும். கொட்டியாரத்திலிருந்து வாகரைவரை கரையோரக் காடுகளில் வாழ்ந்துவரும் வேடர் மரபினர்க்கு அதில் பணியுமில்லை, பற்றுமில்லை. மூதூர், கிண்ணியா வயல்களில் தலைமுறைகளாக நெல் விளைத்த முஸ்லிம் உழவர், ஆதிக் குடியேற்றக் கதையின் கட்டமைப்புக்கே அப்பாற்பட்டவர். கரைவலை இழுக்கும் மீனவரின் ‘பாடு’ என்னும் கடற்கரை உரிமை, எல்லையும் முறையும் கொண்ட, பற்றுக்கு நிகரான வேறொரு சொல். அதனையும் கோயில் நிலத்தின் ஏடு அறியாது. திருகோணமலையின் நிலவுரிமைச் சொற்களைத் திரட்ட முற்படும் ஆய்வாளர் அரசர்களின் பெயர்களிலிருந்து தொடங்காது, வரிப்பத்தாரின் பணிப்பெயர்களிலிருந்தும் இக்கரைவலைப் பாடுகளின் பெயர்களிலிருந்தும் தொடங்கலாம். முன்னையவை அச்சில் உள்ளன. பின்னையவை நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில், இன்னும் வலை இழுப்போரின் வாயில் உள்ளன.